ஆன்மாக்களின் கணக்கு: பங்குக் குரு லொரென்சோ மிலானியும் அவருடைய காலமும்

திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் சங்கங்களையும் விசுவாச அறிக்கைகளையும் சீர்திருத்தத் தலைவர்களையும் பற்றியே பெரிதும் படிக்கின்றனர். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்து, குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து, நோயுற்றோரைச் சந்தித்து, மரித்தோரை அடக்கம் செய்து வாழ்ந்த சாதாரணக் குரு வரலாற்று நூல்களில் அரிதாகவே தலைகாட்டுகிறார். அவர் தம் ஊழியத்தைப் பற்றி என்ன நினைத்தார்? தாம் போதித்தது மக்களின் உள்ளத்தில் இறங்கிற்றா என்று அவர் கேட்டதுண்டா? கேட்டவர் கண்ட விடை யாது? அவ்விடையை அவர் வெளிப்படையாக எழுதியபோது திருச்சபை அதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டது?

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சிலும் இத்தாலியிலும் வாழ்ந்த கத்தோலிக்கப் பங்குக் குருக்கள் சிலருடைய எழுத்துகள் பெரிதும் உதவுகின்றன. அவர்களுள் இத்தாலியக் குருவாகிய லொரென்சோ மிலானியின் வாழ்வையும் அவர் எழுதிய 'மேய்ப்புப்பணி அனுபவங்கள்' என்னும் நூலையும் சிறப்பாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஏடும் குருவும்

பங்குக் குருவின் கையில் எழுதுகோலைக் கொடுத்தது முதலில் நிர்வாகத் தேவையேயாகும். திரெந்து சங்கம் 1563ஆம் ஆண்டில் திருமணங்களையும் திருமுழுக்குகளையும் ஏட்டில் பதிவு செய்யும்படி பங்குக் குருக்களைப் பணித்தது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இவற்றோடு உறுதிபூசுதல், மரணம் ஆகியவற்றுக்கான ஏடுகளையும், 'ஆன்மாக்களின் நிலை' என்று பெயர்பெற்ற ஓர் ஏட்டையும் வைத்திருக்குமாறு விதித்தது. இவ்வேட்டில் குரு தம் பங்கினரை வீடு வீடாக எழுதவேண்டும். யார் யார் அவ்வீட்டில் வாழ்கின்றனர், யார் நற்கருணை பெற்றவர், யார் உறுதிபூசுதல் பெற்றவர் என்னும் விவரங்கள் அதில் இடம்பெற்றன.

சீர்திருத்தச் சபைகளிலும் இத்தகைய கணக்கெடுப்பு நிகழாமலில்லை. 1528ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சந்தித்த மார்ட்டின் லூத்தர், மக்களிடத்தில் மட்டுமன்றிப் போதகர்களிடத்திலும் நிலவிய அறியாமையைக் கண்டு மனம் வருந்தினார். அவ்வருத்தத்தின் கனியே 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம். இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் ஊரில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், பிரசங்கம் மட்டும் போதாது, குடும்பம் குடும்பமாகச் சென்று போதித்தால்தான் மக்கள் அறிந்துகொள்வர் என்று தம் அனுபவத்தால் உணர்ந்தார். 1656இல் அவர் வெளியிட்ட 'சீர்திருந்திய மேய்ப்பர்' என்னும் நூல் அவ்வுணர்வில் பிறந்ததே.

ஆகவே மந்தையின் நிலையை எழுதிவைத்தல் என்பது கத்தோலிக்கர்க்கும் நமக்கும் பொதுவானதொரு மரபு. ஆயின் இம்மரபில் ஓர் இடர் உண்டு. ஏடு மக்களைக் கணக்குக் கேட்கிறது. ஏட்டை எழுதுகிறவரைக் கணக்குக் கேட்பதில்லை. வராதவர் பெயர் குறிக்கப்படுகிறது. அவர் ஏன் வரவில்லை என்பதற்கு அந்த ஏட்டில் இடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் குருக்கள் சிலர் செய்த புதுமை யாதெனில், அதே ஏட்டைத் தம்மை நோக்கித் திருப்பிவைத்துக்கொண்டமையே.

2. பிரான்சில் எழுந்த வினா

இவ்வினா முதலில் வலிமையாக எழுந்த நாடு பிரான்சு. 1931ஆம் ஆண்டில் காபிரியேல் ல ப்ரா என்னும் சட்டப் பேராசிரியர், பிரெஞ்சு மக்களின் வழிபாட்டுப் பழக்கத்தைப் பகுதி பகுதியாக ஆராயவேண்டும் என்று அழைப்பு விடுத்தார். அவ்வழைப்பை ஏற்றுக் களத்தில் இறங்கியவர்களுள் முதன்மையானவர் பெர்னான் புலார் என்னும் குரு. நாட்டுப்புறக் குருக்களிடமிருந்து விவரங்களைத் திரட்டி, அவர் 1947இல் பிரான்சின் கிராமப்புறச் சமய நிலையை ஒரு வரைபடமாக வெளியிட்டார். பெரும்பான்மையோர் வழிபாட்டுக்கு வரும் பகுதிகள், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கும் பெருநாட்களுக்கும் மட்டும் பெரும்பாலோர் கோயிலை நாடும் பகுதிகள், குழந்தைகளில் ஐந்தில் ஒரு பங்கினரேனும் திருமுழுக்கோ மறைக்கல்வியோ பெறாத பகுதிகள் என அவர் நாட்டை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். மூன்றாவது வகைக்கு அவர் இட்ட பெயர் மறைபரப்பு நாடு என்பதாகும். மறைபரப்பாளரைக் கீழ்த்திசைக்கு அனுப்பிவந்த பிரான்சு தன் சொந்த வரைபடத்தில் அச்சொல்லைக் கண்டது.

நகர்ப்புறத் தொழிலாளர் நடுவே நிலை இதனினும் கடுமையாயிருந்தது. இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் வழிகாட்டிகளாகப் பணியாற்றிய ஆன்றி கொதான், இவான் தானியேல் என்னும் இரு குருக்கள் 1943இல் 'பிரான்சு ஒரு மறைபரப்பு நாடா?' என்னும் நூலை வெளியிட்டனர். தொழிலாளி ஒருவன் மனந்திரும்பினாலும், நடுத்தர வகுப்பாரின் பேச்சும் உடையும் பழக்கமும் நிறைந்த பங்கில் அவன் அந்நியனாகவே நிற்கிறான். கிறிஸ்துவை ஏற்றுக்கொள்வதற்கு அவன் தன் வகுப்பையும் விட்டுவிடவேண்டியிருக்கிறது என்று அவர்கள் தம் அனுபவத்திலிருந்து எடுத்துக்காட்டினர். பாரிஸ் பேராயர் கர்தினால் சூகார் இந்நூலின் கைப்பிரதியைப் படித்து ஆழ்ந்த கலக்கமுற்றார். அவ்வாண்டிலேயே பாரிஸ் மறைபரப்புப் பணி தொடங்கப்பெற்றது. கொதான் அதன் பயனைக் காண நெடுநாள் வாழவில்லை. 1944 ஜனவரியில் தம் அறையில் இருந்த அடுப்பின் புகையால் மூச்சடைத்து அவர் இறந்தார்.

பங்கு அமைப்பையே விட்டு விலகவேண்டும் என்பது எல்லாருடைய கருத்துமன்று. பாரிஸ் நகரையடுத்த கொலோம்ப் என்னும் தொழிலாளர் பகுதியில் பங்குக் குருவாயிருந்த மிஷோனோ, பங்கே அருட்பணிச் சமூகமாக மாறவேண்டும் என்று 1945இல் எழுதினார். செல்வர்க்கு ஒரு தரம், ஏழைக்கு ஒரு தரம் என்று திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் கட்டணவாரியாக வகுப்புப் பிரித்திருந்த வழக்கத்தை ஒழிப்பது அவருடைய சீர்திருத்தங்களுள் ஒன்று.

மற்றொரு புறம், தொழிற்சாலைகளில் கூலிவேலை செய்துகொண்டே குருத்துவத்தை வாழ்ந்த 'தொழிலாளக் குருக்கள்' தோன்றினர். அவர்கள் 1954 மார்ச் முதல் நாளுக்குள் முழுநேர ஆலை வேலையை விட்டு விலகவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. சிலர் கீழ்ப்படிந்தனர், சிலர் தொழிலாளரைக் கைவிடலாகாதென்று வேலையிலேயே நிலைத்தனர். 1959இல் உரோமை இத்தடையை மீண்டும் உறுதிப்படுத்தியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிவுற்ற 1965இல்தான் இப்பணிக்கு மீண்டும் வாயில் திறந்தது.

பிரெஞ்சுக் குருக்கள் கண்டது தொலைவு. கோயிலுக்கும் ஆலைக்கும் இடையே இருந்த தொலைவு. அதே ஆண்டுகளில் இத்தாலியில் ஓர் இளங்குரு வேறொன்றைக் கண்டார். மக்கள் கோயிலுக்குள்ளேயே இருந்துங்கூட வார்த்தை அவர்களை எட்டாமலிருப்பதை அவர் கண்டார்.

3. சான் தொனாத்தோவில் ஏழு ஆண்டுகள்

லொரென்சோ மிலானி 1923 மே 27ஆம் நாள் புளோரன்ஸ் நகரில் செல்வமும் கல்வியும் மிக்க குடும்பத்தில் பிறந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் தொமேனிக்கோ கொம்பரெத்தி புகழ்பெற்ற மொழியறிஞர். தாயார் யூத மரபினர். சமய நம்பிக்கை இல்லாத அக்குடும்பம் பாசிச ஆட்சிக்கு அஞ்சி 1933இல் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தது. இளமையில் ஓவியம் பயின்ற மிலானி, 1943இல் மனமாற்றமடைந்து அவ்வாண்டிலேயே புளோரன்ஸ் குருமடத்தில் சேர்ந்தார். 1947 ஜூலை 13ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார்.

அவ்வாண்டு அக்டோபரில் அவர் காலென்சானோவிலுள்ள சான் தொனாத்தோ பங்கிற்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டார். முதியவரான தானியேலே பூஜி அங்குப் பங்குக் குருவாயிருந்தார். பிராத்தோ நகரத்து நெசவாலைகளில் வேலை செய்வோரும் நிலத்தில் பாடுபடுவோரும் அப்பங்கில் வாழ்ந்தனர். போருக்குப் பிந்திய அந்நாட்களில் இத்தாலி இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. ஒரு புறம் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் கோயிலும். மறுபுறம் பொதுவுடைமைக் கட்சியும் அதன் மக்கள் மன்றமும். 1949 ஜூலையில் புனித அலுவலகம், பொதுவுடைமைக் கொள்கையை ஆதரிப்போர்க்கு அருட்சாதனங்கள் மறுக்கப்படும் என்று அறிவித்தது.

இச்சூழலில் மிலானி தொழிலாளருக்கும் உழவர்க்கும் ஓர் இரவுப் பள்ளியைத் தொடங்கினார். பகலெல்லாம் உழைத்த இளைஞர்கள் மாலையில் அங்கு வந்து மொழியையும் செய்தித்தாளையும் உலக நடப்பையும் பயின்றனர். வெள்ளிக்கிழமைகளில் பல்வேறு துறையினரை அழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்து, இளைஞர்கள் அவர்களைக் கேள்வி கேட்கும்படி பழக்கினார். பொதுவுடைமையரின் பிள்ளைகள் தயக்கமின்றி வரவேண்டும் என்பதற்காகப் பள்ளியறையின் சுவரிலிருந்த சிலுவையை அவர் கழற்றிவைத்தார். இதனால் பலர் இடறலடைந்தனர். சுவரில் சிலுவை இருப்பதைக் காட்டிலும், சிலுவையில் அறையுண்டவர் யாரைத் தேடி வந்தாரோ அவர்கள் அவ்வறைக்குள் இருப்பதே மேலானதென்று அவர் எண்ணியிருக்கவேண்டும்.

1954இல் பூஜி காலமானார். மக்களில் ஒரு சாரார் மிலானியே தொடரவேண்டுமென விரும்பினும், மறைமாவட்டத் தலைமை அவரை முஜெல்லோ மலைப்பகுதியிலுள்ள பர்பியானா என்னும் சிற்றூருக்கு அனுப்பியது. அங்கே ஏறத்தாழ நூறு பேர் சிதறி வாழ்ந்தனர். கோயில் வரை வண்டிப்பாதை இல்லை, மின்விளக்கு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. 1954 டிசம்பரில் அங்குச் சேர்ந்த மிலானி, உடனே செய்த காரியங்களுள் ஒன்று அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஒரு குழிக்கு இடம் வாங்கியதாகும். அப்போது அவருக்கு வயது 31. தண்டனையாக அளிக்கப்பட்ட இடத்தை அவர் தம் சொந்த இடமாக்கிக்கொண்டார்.

4. நூல் உரைத்தது

சான் தொனாத்தோவில் எழுதத் தொடங்கிய நூலைப் பர்பியானாவில் முடித்தார். 1958இல் புளோரன்சில் அது வெளிவந்தது. கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவின் அச்சு அனுமதியும், கமெரினோ பேராயர் தவாக்கின் முன்னுரையும் அதற்கு இருந்தன.

இந்நூல் பக்தி நூலன்று, இறையியல் ஆய்வுரையுமன்று. பட்டியல்களும் எண்களும் நிறைந்த நூல். யார் யார் திருப்பலிக்கு வருகின்றனர், யார் யார் நற்கருணை பெறுகின்றனர், அவர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்த வயதினர், எந்தத் தொழிலினர், எத்தனை வகுப்பு வரை படித்தவர் என்று அவர் தம் பங்கைக் கணக்கிட்டார். பழைய 'ஆன்மாக்களின் நிலை' ஏட்டில் இல்லாத கட்டங்களையும் அவர் சேர்த்தார். வீட்டின் நிலைமை, வேலையின் தன்மை, மலையை விட்டு ஆலைக்குக் குடிபெயர்ந்தோரின் நிலை ஆகியவை அவருடைய கணக்கில் இடம்பெற்றன. ஆன்மாவின் நிலையை எழுதவேண்டுமாயின் அவ்வான்மா குடியிருக்கும் வீட்டின் நிலையையும் எழுதவேண்டும் என்பது அவருடைய முறை.

இக்கணக்கின் முடிவுகள் இனிமையாயில்லை. பெருநாளில் நிறையும் கோயில் அடுத்த ஞாயிறன்று வெறிச்சோடியிருந்தது. புதுநன்மைக்கு ஊரே திரண்டது. புதுநன்மை பெற்ற சிறுவர் சில ஆண்டுகளில் மறைந்துபோயினர். பாதுகாவலர் திருவிழாவும் பவனியும் ஊர்ப் பெருமைக்குரியனவாயிருந்தன. விசுவாசத்துக்குரியனவாயிருந்தனவா என்பது ஐயமே. சடங்கு இருந்தது, அதன் பொருள் அறியப்படவில்லை.

இந்நிலைக்குக் காரணம் மக்களின் தீமை என்றோ பொதுவுடைமையரின் சூழ்ச்சி என்றோ கூறி மிலானி அமையவில்லை. மக்களிடம் சொற்கள் இல்லை என்பதே அவர் கண்ட காரணம். சில நூறு சொற்களோடு வாழும் உழவன், பிரசங்கத்தில் வரும் சொற்களை ஓசையாகவே கேட்கிறான். செவிடரும் ஊமையருமான பிள்ளைகளிடத்தில் ஊழியம் செய்யச் செல்பவர் முதலில் மறையுண்மைகளைப் போதிப்பதில்லை, பேசக் கற்பிக்கிறார். ஏழைகளின் பங்கிலும் முறை அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் வாதிட்டார். ஆகவே அவருக்குப் பள்ளி என்பது மேய்ப்புப்பணியோடு ஒட்டவைத்த சமூகத் தொண்டன்று. நற்செய்தி கேட்கப்படுவதற்கே அது முன்தேவை.

இதனாலேயே அக்காலப் பங்குகளில் பெருகியிருந்த பொழுதுபோக்கு மன்றங்களை அவர் கடுமையாகத் தாக்கினார். மக்கள் மன்றத்தில் விளையாட்டு உண்டென்றால் கோயில் மன்றத்திலும் விளையாட்டு. அங்கே திரைப்படம் என்றால் இங்கேயும் திரைப்படம் என்று குருக்கள் போட்டியிட்டனர். இளைஞரைக் கவர்வதற்கு இது வழி என்று கருதப்பட்டது. மிலானியோ, பந்தைக் காட்டிப் பிள்ளையைக் கோயிலுக்கு இழுக்கும் குரு, தம்மிடம் பந்தைவிட மேலான பொருள் இல்லையென்று அறிக்கையிடுகிறார் எனக் கருதினார். கல்விக்காக ஏங்கும் ஏழைக்கு விளையாட்டைக் கொடுப்பது, அவனுடைய காலத்தைத் திருடுவதாகும் என்பது அவருடைய துணிபு.

நூலின் முடிவில், மறுமையிலிருந்து எழுதப்பெற்றதுபோல் ஒரு கடிதம் உள்ளது. ஐரோப்பாவில் திருச்சபை அழிந்த பின்னர், எதிர்காலத்தில் சீனாவிலிருந்து நற்செய்தியோடு வரப்போகும் மறைபரப்பாளர்களை நோக்கி அது எழுதப்பட்டுள்ளது. எங்கள் குருக்கள் ஏழைகளைப் பகைத்தவர்களல்லர். உறங்கிவிட்டவர்கள் என்பதே அதன் சாரம். மேய்ப்பரின் குற்றம் வெறுப்பன்று, விழிப்பின்மை என்னும் இத்தீர்ப்பு எந்தச் சபையின் மேய்ப்பரும் எளிதில் கடந்துசெல்லக்கூடியதன்று.

5. தடையும் கீழ்ப்படிதலும்

1958 செப்டம்பரில் இயேசு சபையாரின் இதழொன்றில் இந்நூல் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் புனித அலுவலகம், இந்நூல் காலத்துக்கு ஏற்றதன்று என்று கூறி, விற்பனையிலிருந்து மீட்டுக்கொள்ளுமாறும், மறுபதிப்போ மொழிபெயர்ப்போ செய்யலாகாதென்றும் ஆணையிட்டது. நூலில் கோட்பாட்டுப் பிழை உண்டென்று அவ்வாணை கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உண்மையன்று என்பதன்று குற்றச்சாட்டு. இப்போது சொல்லத்தக்கதன்று என்பதே குற்றச்சாட்டு. ஒரே மாதம் கழித்து, 1959 ஜனவரி 25ஆம் நாள், போப் 23ஆம் யோவான் பொதுச்சங்கம் கூட்டும் தம் எண்ணத்தை அறிவித்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மிலானி கீழ்ப்படிந்தார். தம் நூலைக் காப்பதற்காக அவர் திருச்சபையை விட்டு வெளியேறவில்லை. பாவமன்னிப்பைத் தாம் அடிக்கடி நாடவேண்டியவர் என்றும், அதனைத் தமக்கு அளிப்பது திருச்சபையே என்றும் அவர் கருதினார். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிய நம் கோட்பாடு வேறாயினும், இங்கு வெளிப்படும் மனநிலையை நாம் உணர்ந்துகொள்ளலாம். திருச்சபையைக் குறைகூறியவர் தம்மை அதற்கு மேலாக நிறுத்திக்கொள்ளவில்லை. தாமும் மன்னிப்புத் தேவைப்படும் பாவி என்றே நின்றார். இப்பணிவின்றி எழுந்திருக்குமானால் அவருடைய கண்டனம் வெறும் கசப்பாய் முடிந்திருக்கும்.

கீழ்ப்படிதல் அவருக்கு ஓய்வாயில்லை. பர்பியானாவில் தொடக்கப்பள்ளியை முடித்த ஆறு சிறுவரைக் கொண்டு அவர் மற்றொரு பள்ளியைத் தொடங்கினார். அது காலை முதல் மாலை வரை, ஞாயிறும் விடுமுறையுமின்றி, ஆண்டு முழுவதும் நடந்தது. அறிந்த சிறுவன் அறியாத சிறுவனுக்குக் கற்பித்தான். செய்தித்தாளை நாள்தோறும் வாசித்து ஆராய்ந்தனர். 'எனக்கு அக்கறை உண்டு' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் அப்பள்ளியின் முழக்கமாயிற்று. எனக்கென்ன என்னும் பாசிசக் காலத்து முழக்கத்துக்கு அது நேர் எதிரானதென மிலானி விளக்கினார்.

1965இல், படைச்சேவையை மனச்சான்றின் பொருட்டு மறுப்பதைக் கோழைத்தனம் என்று இழித்துரைத்த ஓய்வுபெற்ற படைக் குருக்களுக்கு அவர் பகிரங்கமாக மறுமொழி எழுதினார். அதற்காக அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. நோயின் கொடுமையால் நீதிமன்றத்துக்குச் செல்ல இயலாத அவர், தம் தரப்பை நீதிபதிகளுக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். 1966 பிப்ரவரியில் விடுதலைத் தீர்ப்புக் கிடைத்தது.

1967 மே மாதத்தில் 'ஓர் ஆசிரியைக்கு ஒரு கடிதம்' வெளிவந்தது. அதனைப் பர்பியானா மாணவர் எண்மர் மிலானியின் வழிகாட்டுதலில் கூடி எழுதினர். பள்ளியில் தோற்று வெளியேற்றப்படுவோர் யாருடைய பிள்ளைகள், தேறுவோர் யாருடைய பிள்ளைகள் என்பதை அரசாங்கப் புள்ளிவிவரங்களைக் கொண்டே அவர்கள் நிறுவிக் காட்டினர். குரு தம் பங்கைக் கணக்கிடப் பயன்படுத்திய அதே முறையை, அவரிடம் பயின்ற உழவர் பிள்ளைகள் நாட்டின் பள்ளிகளைக் கணக்கிடப் பயன்படுத்தினர். ஒரு மாதம் சென்றபின், 1967 ஜூன் 26ஆம் நாள், மிலானி தம் 44ஆம் வயதில் மரித்தார். பர்பியானாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1958ஆம் ஆண்டின் தடைக்கு இனிப் பொருளில்லை என்று 2014இல் உரோமை தெரிவித்தது. 2017 ஜூன் 20ஆம் நாள் போப் பிரான்சிஸ் பர்பியானாவுக்குச் சென்று அவருடைய கல்லறையருகே மன்றாடினார்.

6. ஒரு மதிப்பீடு

மிலானியைக் குறையற்ற வீரராகக் காட்டுவது வரலாறாகாது. அவருடைய கடுமை பலரைப் புண்படுத்தியது. விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் இடமின்றி நடத்தப்பெற்ற பள்ளியை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்ற முறையென்று கூறுதல் அரிது. ஏழைகள் சொற்களைப் பெற்றால் விசுவாசமும் உடன்வரும் என்று அவர் எப்போதும் நிறுவிவிடவில்லை. சொல்லை அறிந்தவன் அச்சொல்லாலேயே சுவிசேஷத்தை மறுக்கவுங்கூடும். மிலானி இதனை அறியாதவரல்லர். அறிந்து மறுப்பவன், அறியாது தலையாட்டுபவனிலும் மேலானவன் என்பதே அவருடைய நிலை. இறையியல் நோக்கில், கேள்வியினால் விசுவாசம் வரும் என்னும் அப்போஸ்தலனுடைய போதனையை அவர் அதன் முழுப் பளுவோடும் ஏற்றுக்கொண்டார் எனலாம். கேட்க இயலாதவனிடத்தில் பிரசங்கித்துவிட்டு, விசுவாசமில்லை என்று அவனைக் குற்றப்படுத்துவது நீதியாகாது.

இங்கு லூத்தரோடு அவரை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. இருவரும் மக்களின் நிலையை நேரிற்கண்டு வருந்தினர். இருவரும் அறியாமையே இடர் என்றனர். லூத்தர் எளிய மொழியில் ஞானோபதேசத்தை எழுதிக் குடும்பத் தலைவர்களிடம் கொடுத்தார். நான்கு நூற்றாண்டுகள் கழித்து, மனப்பாடமாக ஒப்புவிக்கப்பட்ட ஞானோபதேசமே அறியாமையை மறைக்கும் திரையாகிவிட்டதை மிலானி கண்டார். ஒரு தலைமுறையின் மருந்து மற்றொரு தலைமுறையின் பழக்கமாகிவிடக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆகையால் மேய்ப்பர் தம் மந்தையின் நிலையைத் தலைமுறைதோறும் புதிதாகக் கணக்கிடவேண்டியவராகிறார்.

7. நம் சேகரங்களுக்கு

தமிழகத்தில் சீர்திருத்தச் சபை வேரூன்றியபோதே கோயிலும் பள்ளியும் அருகருகே நின்றன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு சபையோடு பள்ளிகளையும் நிறுவினார். பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ சிற்றூர்களில், ஞாயிறன்று ஆலயமாயிருந்த கட்டடமே மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாயிருந்தது, உபதேசியாரே ஆசிரியராயுமிருந்தார். எழுதப்படிக்க மறுக்கப்பட்டிருந்த மக்கள் திருமறையை வாசிக்கும்பொருட்டு எழுத்தறிந்தனர். மிலானி போராடி அடைந்த கருத்தொன்று நம் முன்னோர்க்குத் தொடக்க நடைமுறையாயிருந்தது. இது நமக்குப் பெருமை தருவது. ஆயினும் நம்மை ஒரு கேள்விக்கும் உட்படுத்துவது. பள்ளிகள் நிறுவனங்களாக வளர்ந்த பின்னர், நம் பிரசங்கம் சேகரத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்குப் பொருளாகிறதா, ஓசையாகவே நிற்கிறதா என்பதை யார் சோதித்துப் பார்க்கின்றனர்?

ஆண்டுதோறும் நாம் சேகர அறிக்கை எழுதுகிறோம். ஞானஸ்நானம் இத்தனை, திடப்படுத்தல் இத்தனை, திருவிருந்தில் பங்குபெற்றோர் இத்தனை, காணிக்கை இவ்வளவு என்று கட்டங்களை நிரப்புகிறோம். அவ்வெண்கள் பெரும்பாலும் உண்மையானவையே. திடப்படுத்தல் பெற்றவர்களுள் ஐந்தாண்டுகளுக்குப் பின் திருவிருந்துக்கு வருவோர் எத்தனை பேர் என்னும் கட்டம் மட்டும் அவ்வறிக்கையில் இருப்பதில்லை. கூலிவேலைக்காக ஊரைவிட்டுச் சென்றோர் எத்தனை பேர், அறுவடைக்காலத்தில் கோயிலுக்கு வர இயலாதோர் யார் யார், சண்டை காரணமாக ஒதுங்கியோர் யார், அவமானம் காரணமாக ஒதுங்கியோர் யார் என்னும் கட்டங்களும் இல்லை. இவற்றை எழுத ஒருவரும் நம்மைத் தடுக்கவில்லை. எழுதினால் அது மக்களைப் பற்றிய அறிக்கையாக மட்டும் அமையாது, நம்மைப் பற்றிய அறிக்கையாகவும் அமைந்துவிடும் என்னும் அச்சமே தடை.

இறையியல் மாணவர்கள் நூலகத்தில் பெரும் இறையியலாளரின் நூல்களைக் கற்பது இன்றியமையாதது. அதனோடு, நாளை அனுப்பப்படவிருக்கும் சிறு சேகரமும் ஓர் இறையியல் நூலே என்பதையும் அவர்கள் கருத்திற்கொள்ளல் நலம். பெரிய சேகரம், வசதியான சேகரம், தலைமையின் கண்ணுக்குப் புலப்படும் சேகரம் வேண்டும் என்னும் விருப்பம் குருத்துவத்துக்குப் புதியதன்று. சாலையும் விளக்கும் இல்லாத மலையுச்சியில், நூறு பேர் வாழ்ந்த ஊரில், பதின்மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலம் ஊழியம் செய்த ஒரு குருவின் சொல், புளோரன்ஸ் நகரத்துப் பெரும் பங்குகளின் குருக்களுடைய சொற்களைக் காட்டிலும் நெடுந்தொலைவு சென்றது. பிறர் இகழ்ந்த இடத்தில் உண்மையாய்க் கணக்கெடுத்து, உண்மையாய் எழுதி, எழுதிய உண்மைக்கேற்ப நாள்தோறும் உழைத்தமையே அதன் காரணம்.

நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று நம் ஆண்டவர் உரைத்தார். பெயர்களை ஏட்டில் எழுதிவைப்பது எளிது. அப்பெயருடையவர் எந்த வீட்டில், எந்தப் பசியோடு, எந்தச் சொல் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அறிந்து கூப்பிடுவதே மேய்ப்புப்பணி.